துண்டு போட்ட ஐகான்

"கம்ப்யூட்டரில் வலது மூலையில் இருந்த ஸ்பீக்கர் படத்தைக் காணோம். சவுண்ட் கார்டு போய்விட்டது என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகர்.

பொறுங்கள். விண்டோஸ் பட்டனை அழுத்திக்கொண்டு 'ஆர்' தட்டுங்கள். திறக்கும் கட்டத்தில் எஸ், என், டி, வி, ஓ, எல் என ஆறு எழுத்துகளை அடித்து என்டர் கொடுங்கள். வால்யூம் பட்டை வருகிறதா? அதை ஏற்றி இறக்கினால் பாட்டும் ஏறி இறங்குகிறதா? அப்படியானால் சவுண்ட் கார்டு நன்றாக இருக்கிறது. தொலைந்தது படம் மட்டும்தான். விண்டோஸ் 7, 10 இரண்டிலும் ஒலிக் கருவியே இல்லாமல் போனால்கூட ஐகான் வழக்கமாக மறையாது. அதன்மேல் சிவப்புப் பெருக்கல் குறி விழும், அவ்வளவுதான்.

ஒலியைக் கவனிப்பது 'விண்டோஸ் ஆடியோ' சர்வீஸ். கடிகாரம் ஓடும் அந்தப் பட்டையை, அதாவது டாஸ்க்பாரை, வரைவது எக்ஸ்ப்ளோரர். இரண்டும் தனித்தனிப் புரோகிராம்கள். இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

எக்ஸ்ப்ளோரரை ஒரு டவுன் பஸ் என்று வைத்துக்கொள்வோம். புரோகிராம்கள் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கின்றன. அந்தத் துண்டுதான் ஐகான். ஆள் வேறெங்கோ வேலையில் இருப்பார். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பார்கள். எக்ஸ்ப்ளோரர் சில நொடிகளுக்குள் பதில் சொல்லாவிட்டால் துண்டு வெளியே விழுந்துவிடும். மறுபடி போட்டுப் பார்க்காத புரோகிராமுக்கு அன்றைக்கு சீட் கிடையாது.

பஸ் நடுவழியில் நின்றுபோனால்? மாற்று பஸ் வரும், பழைய துண்டுகள் வராது. புதிதாக எழுந்த எக்ஸ்ப்ளோரர், 'டாஸ்க்பார் கிரியேட்டட்' என்ற ஒரு செய்தியை எல்லா விண்டோக்களுக்கும் அனுப்புகிறது. கண்டக்டரின் விசில் அது. கேட்டவர்கள் திரும்பத் துண்டு போடுவார்கள். கேட்கும்படி எழுதப்படாத புரோகிராம்கள் வேலை செய்துகொண்டே இருக்கும், ஐகான் மட்டும் இருக்காது. நேர்மாறாகவும் நடக்கும். செயலிழந்த புரோகிராமின் துண்டு சீட்டிலேயே கிடக்கும். மவுஸை அதன்மேல் கொண்டுபோனால், "யார் துண்டு இது?" என்று கேட்டு, ஆள் இல்லையென்று தெரிந்ததும் எக்ஸ்ப்ளோரர் எடுத்துவிடும். கண்ணெதிரே ஐகான் மறையும். பார்க்க அத்தனை அழகு.

டாஸ்க்பார் வந்தது 1995இல், விண்டோஸ் 95உடன். விசில் வந்தது 1997இல், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4உடன். வரலாறு இது போதும்.

ஸ்பீக்கர் படம் வெளியாள் போட்ட துண்டு அல்ல. எக்ஸ்ப்ளோரருக்குள்ளேயே ஓடும் ஒரு துணைப்பகுதி போடுவது, கண்டக்டர் சீட் மாதிரி. அதனால் பஸ்ஸையே மாற்றினால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். விண்டோஸ் 10 என்றால், 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியில் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரை ஒரு கணம் வெறுமையாகி மீளும்.

'ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரையும் சரிசெய்வோம்' என்று காசு கேட்கும் மென்பொருள்களை இதற்காக வாங்காதீர்கள். அவற்றை ஓட்டிய பிறகு ஐகான் வந்துவிட்டதாகப் பலர் சத்தியம் செய்வார்கள். டிரைவர் போட்டதும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் அல்லவா? ஐகானைக் கொண்டுவந்தது அந்த ரீஸ்டார்ட். விண்டோஸை அழித்து மறுபடி போடுவதும் இதே கதைதான், கூடவே புகைப்படங்களும் போய்விடக்கூடும்.

அப்படியும் வரவில்லையென்றால், விண்டோஸ் 10இல் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய், சிஸ்டம் ஐகான்கள் பட்டியலில் வால்யூம் ஆஃபாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஸ்விட்ச் மங்கலாகி நகர மறுத்தால், யாரோ தடை போட்டிருக்கக்கூடும். அலுவலகத்திலிருந்து கைமாறி வந்த கம்ப்யூட்டர்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். ரெஜிஸ்ட்ரியில் 'ஹைட் எஸ்சிஏ வால்யூம்' என்ற பதிவு 1 என்றிருந்தால், தெரிந்தவரை விட்டு முதலில் பேக்கப் எடுக்கச் சொல்லி, பிறகு அதை 0 ஆக்கச் சொல்லுங்கள்.