பழிவாங்க வந்த பணிப்பெண்

அக்காவின் சாவுக்கு யார் காரணம்? அதைக் கண்டுபிடிக்கத்தான் வெய் யிங்லுவோ பெய்ஜிங் அரண்மனைக்குள் பணிப்பெண்ணாக நுழைகிறாள். 2018 கோடையில் வெளியான ‘யான்ஷி அரண்மனையின் கதை’, பேரரசர் சியான்லாங் காலத்தில் நடக்கும் 70 பகுதிச் சீனத் தொடர்.

பழைய அரண்மனைத் தொடர்களின் நாயகிகள் நெடுநாள் அழுதுவிட்டுத்தான் எதிர்த்து நிற்பார்கள். யிங்லுவோ வாங்கியதை வட்டியோடு உடனுக்குடன் திருப்பிக் கொடுத்தாள். ரசிகர்களுக்கு அதுதான் பிடித்துப்போனது.

பேரரசி ஃபுச்சாவுக்காகவோ ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். மகனைப் பறிகொடுத்து, நம்பியவளாலும் வஞ்சிக்கப்பட்டு, உயரத்திலிருந்து குதித்து அவள் உயிர்விடும் காட்சி பலரை உலுக்கியது. நிஜப் பேரரசி 1748இல் பயணத்தின்போது நோயுற்று இறந்தவர் என வரலாற்றைப் புரட்டிப் பார்த்துச் சொன்னவர்களும் உண்டு.

உடைகளும் பேசப்பட்டன. கண்ணைப் பறிக்காத மங்கிய நிறங்கள், நுணுக்கமான தையல் வேலை. நகைக்குப் பதிலாகப் பேரரசி தலையில் சூடிய பட்டுநூல் பூக்களால், நான்ஜிங்கின் நலிந்திருந்த கைத்தொழில் மீது புது வெளிச்சம் விழுந்தது.

அந்த ஆண்டு கூகுளில் உலகிலேயே அதிகம் தேடப்பட்ட தொலைக்காட்சித் தொடர் இதுதான்; இத்தனைக்கும் சீனாவில் கூகுளுக்குத் தடை. ஆனால் எல்லாரும் மகிழவில்லை. ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் இத்தகைய தொடர்கள் வளர்க்கின்றன என்று பெய்ஜிங் அரசு நாளிதழ் ஒன்று சாட, 2019 தொடக்கத்தில் தொலைக்காட்சிகள் இத்தொடரின் மறுஒளிபரப்பை நிறுத்தின.