பொதிகைக்குப் போகும் வழி

பொதிகை என்றதும் தமிழர்க்கு அகத்தியர் நினைவு வரும், தென்றல் நினைவு வரும். அந்த மலை எங்கே இருக்கிறது என்று கேட்டால், 'பாபநாசத்துக்கு மேலே' என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அதுவும் சரிதான். ஆனால் இன்று அதன் உச்சிக்கு ஏற விரும்புகிறவர் திருவனந்தபுரத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 60 கி.மீ. போனால் போணக்காடு என்னும் பழைய தேயிலைத் தோட்டம் வரும். அதற்கு மேல் கால்நடைதான். பிழைப்புக்காக இந்நகருக்கு வந்து நிலைத்த நாம், நம் இலக்கிய மலையின் வாசலில்தான் குடியிருக்கிறோம்.

பெயரும் எல்லையும்

மலையாளிகள் இதனை அகஸ்தியர்கூடம் என்கிறார்கள். கூடம் என்றதும் நாம் கட்டடத்தை நினைக்கிறோம். இங்கே அது சிகரத்தைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. உயரம் 1,868 மீட்டர். சங்க காலத்தில் பொதியில் நாட்டை ஆண்டவர்கள் ஆய் மன்னர்கள். அவருள் ஆய் அண்டிரன் கொடையால் புகழ் பெற்றவன். கிரேக்க நூலாசிரியர் தாலமி 'பெத்திகோ' எனக் குறித்த மலை பொதிகையே என்பது அறிஞர் பலர் கருத்து.

அறிவியலும் இம்மலையை முன்பே தேடி வந்தது. 1837இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வகம் நிறுவினார். 1852 முதல் 1865 வரை அதன் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரௌன், அகத்தியமலையின் உச்சியிலும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, வானிலையையும் பூமியின் காந்த விசையையும் அளக்கச் செய்தார். சாலையே இல்லாத காலத்தில், யானை திரியும் காட்டினூடே கருவிகளைச் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள்!

மலையின் ஒரு பக்கம் கேரளத்திலும் மறு பக்கம் தமிழகத்திலும் உள்ளது. வரைபடத்தில் விழுந்த கோடு காட்டில் விழவில்லை. இருபுறமும் சேர்த்து ஏறத்தாழ 3,500 சதுர கி.மீ. பரப்பு அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகமாக உள்ளது. 2016இல் யுனெஸ்கோவின் உலக உயிர்க்கோள வலையமைப்பிலும் அது சேர்ந்தது. இங்கே 2,254 வகை உயர் தாவரங்கள் கணக்கிடப்பட்டுள்ளன.

மழைக்காடு செய்யும் வேலை

மழை பெய்கிற காடெல்லாம் மழைக்காடு ஆகிவிடாது. ஆண்டின் பெரும்பகுதி ஈரம் இருக்க வேண்டும். மரங்கள் ஒரேயடியாக இலை உதிர்க்காமல் எப்போதும் பச்சையாக நிற்க வேண்டும். பொதிகைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. உயர்ந்த மரங்களின் தழைக்கூரை மழையின் வேகத்தைத் தாங்கிக் கொள்கிறது. கீழே மட்கிக் கிடக்கும் இலைமெத்தை நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகிறது. மழை நின்று பல வாரம் ஆன பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான். மேலே போகப் போகக் காற்றின் மோதலால் மரங்கள் குட்டையாகிவிடும். நடுநடுவே புல்வெளியும், மலையாளத்தில் ஈற்ற எனப்படும் சிறு மூங்கில் புதர்களும் உண்டு. சோலைமந்தி, கருமந்தி, வரையாடு ஆகியவை இங்கு வாழ்கின்றன.

இக்காடு விடும் நீர் கிழக்கே தாமிரபரணியாகிறது. மேற்கே நெய்யாறும் கரமனையாறும் ஆகிறது. கரமனையாற்று நீர்தான் பேப்பாறை, அருவிக்கரை அணைகள் வழியாக இந்நகரின் குழாய்களுக்கு வருகிறது. நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒருவர், ஊரில் குடித்ததும் இம்மலைத் தண்ணீர்தான், இங்கே சாலைக் கடைத்தெருவில் குடிப்பதும் இம்மலைத் தண்ணீர்தான்!

காணிகளின் வீடு

இக்காட்டின் பழங்குடிகள் காணிக்காரர்கள். மலையின் இருபுறமும் வாழ்கிறார்கள். தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சுக்கு மலம்பாஷை என்று பெயர்.

1987இல் தாவர ஆய்வுக்காக இம்மலைக்கு வந்த புஷ்பாங்கதன் முதலிய ஆய்வாளர்கள் களைத்துப் போனார்கள். வழிகாட்டிய காணி இளைஞர்கள் களைக்கவில்லை. அவர்கள் அவ்வப்போது ஒரு செடியின் காயைத் தின்றுகொண்டிருந்தார்கள். அந்தச் செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1990களின் நடுவில், கோவையைச் சேர்ந்த ஆர்ய வைத்திய பார்மசிக்குப் பத்து லட்ச ரூபாய்க்கும் இரண்டு விழுக்காடு உரிமைத்தொகைக்கும் அதன் தயாரிப்பு உரிமம் தரப்பட்டது. வருவாயில் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளையும் ஏற்பட்டது.

பழங்குடி அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்னோடி ஏற்பாடு என்று உலகமே இதைப் பேசிற்று. ஆனால் கேள்விகளும் எழுந்தன. சொன்னவர்கள் சிலர், அறிவோ சமூகம் முழுவதற்கும் சொந்தம். எல்லாக் குடியிருப்பையும் கேட்டார்களா? காட்டில் செடியைப் பறிக்க வனத்துறை அனுமதிக்குமா? இக்கேள்விகள் இன்றும் பழங்குடி மருத்துவத்தைப் பற்றிப் பேசும் இடத்திலெல்லாம் எழுகின்றன.

ஏறப் போகிறவர்க்கு

ஆண்டு முழுவதும் ஏற முடியாது. பொதுவாக ஜனவரி முதல் பிப்ரவரி, மார்ச் வரைதான் பருவம். கேரள வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டும். நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரே போகலாம். முதல் நாள் கரமனையாற்றின் தலையோடையையும் வேறு பல ஓடைகளையும் கடந்து அதிருமலை முகாம். மறுநாள் பொங்காலப்பாறை வழியாக உச்சி. அங்கே அகத்தியர் சிலை உண்டு. மூன்றாம் நாள் இறக்கம். லேசுப்பட்ட ஏற்றமல்ல, உடல்தகுதிச் சான்று கேட்கிறார்கள். பிளாஸ்டிக், மது, புகையிலை மட்டுமல்ல, பூசைப் பொருள்களுக்கும் தடை. நெடுங்காலம் பெண்களுக்கு அனுமதி இல்லை. 2018இல் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 2019 ஜனவரி முதல் பெண்களும் ஏறுகிறார்கள். காணிகள் சிலர் தங்கள் வழிபாட்டு மரபைச் சொல்லி அமைதியாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

'நம்ம அகத்தியர் மலைதானே, எனக்கென்ன தடை?' என்று கேட்பவர் உண்டு. பாட்டில் படித்ததால் மட்டும் மலை நம்முடையதாகிவிடாது. அது காணிகளின் வீடு, விலங்குகளின் வீடு. இரண்டு ஊர்த் தண்ணீருக்கும் அதுவே தாய்வீடு. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். தண்ணீர் தந்த மலைக்கும் அந்தக் கடன் உண்டு. போகிறவர் விருந்தாளியாகப் போய் வரட்டும். போக முடியாதவர் குறைபட வேண்டாம். குழாயைத் திறந்தால் பொதிகை வீட்டுக்கே வருகிறது. அதை வீணாக்காமல் இருந்தால் அதுவும் ஒரு வழிபாடுதான்.