87 வாக்கில் காலியாகும் நாற்காலி

2022 டிசம்பர் 7. லிமாவில் நண்பகலுக்குச் சற்று முன், பெரு நாட்டின் அதிபர் பெத்ரோ காஸ்டியோ தொலைக்காட்சியில் தோன்றினார். கையிலிருந்த தாள் நடுங்கியது. நாடாளுமன்றத்தைக் கலைக்கிறேன், அவசர அரசு அமைத்து ஆணைகள் வழியே ஆளப்போகிறேன் என்று வாசித்து முடித்தார். அமைச்சர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்தார்கள். இதற்குத் துணைபோக மாட்டோம் என்று ராணுவமும் காவல்துறையும் சேர்ந்து அறிக்கை விட்டன. இரண்டு மணி நேரத்துக்குள் நாடாளுமன்றம் கூடி, 101 வாக்குகளில் அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. மெக்சிகோ தூதரகத்தை நோக்கிக் கிளம்பியவரை அவருடைய மெய்க்காவலர்களே காவல்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அன்று மாலைக்குள் துணை அதிபர் தினா போலுவார்த்தே பதவியேற்றுவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதே நாள் பிற்பகல் 3 மணிக்கு, காஸ்டியோவை நீக்கும் தீர்மானம் ஒன்று ஏற்கெனவே விவாதத்துக்கு வர இருந்தது. அது நிறைவேற 87 வாக்கு வேண்டும். எதிரணியிடம் அவ்வளவு வாக்கு இருக்கிறதா என்பது அன்று காலைவரை சந்தேகம்தான். கலைப்பு உரையை வாசித்து, குறைந்த வாக்குகளைத் தாமே சேர்த்துக் கொடுத்தார் காஸ்டியோ.

2016 ஜூலையிலிருந்து 2025 அக்டோபர் வரை பெரு ஏழு அதிபர்களைப் பார்த்தது. அதிபர் பதவிக்கென்று நின்று மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்களில் இரண்டே பேர்: குசின்ஸ்கி, காஸ்டியோ. இருவர் துணை அதிபர்களாக இருந்து மேலே வந்தவர்கள். மற்ற மூவரும் நாடாளுமன்றத் தலைவர் நாற்காலியிலிருந்து நேராக அதிபர் மாளிகைக்குப் போனவர்கள். அதிபரின் பதவிக்காலம் 5 ஆண்டு என்று அரசியல் சட்டம் சொல்கிறது. அதே சட்டம்தான் அவரை இறக்கவும் வழி வைத்திருக்கிறது.

இப்போதைய சட்டம் 1993-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரல் 5 அன்று அதிபர் ஆல்பெர்ட்டோ ஃபுஜிமோரி ராணுவத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தை மூடினார். அதுவரை செனட்டில் 60 பேர், கீழவையில் 180 பேர் என்று இரண்டு அவைகள் இருந்தன. புதிய சட்டம் அவற்றை ஒரே அவையாகச் சுருக்கியது. முதலில் 120 உறுப்பினர்கள், 2011 முதல் 130. அவையைச் சிறிதாக்கினால் அதிபரின் கை ஓங்கும் என்பது கணக்கு. நடந்தது நேர்மாறு. உறுப்பினர் எண்ணிக்கை குறைந்ததோடு, இந்த அவை எடுக்கும் முடிவைத் தடுத்து நிறுத்த இன்னொரு அவையும் இல்லாமல் போனது.

பெருவின் அமைப்பு ஒட்டுமாமரம் மாதிரி. அடிமரம் அமெரிக்கா போன்ற அதிபர் ஆட்சி: மக்கள் நேரடியாக வாக்களித்து அதிபரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவரே நாட்டின் தலைவர், அரசின் தலைவர். அதன்மேல் நாடாளுமன்ற முறையின் கிளையொன்றை ஒட்டியிருக்கிறார்கள். அமைச்சரவைத் தலைவர் என்று ஒருவர் உண்டு. பேச்சில் அவரைப் பிரதமர் என்பார்கள். அவரை நியமிப்பவர் அதிபர். ஆனால் 1993-ல் எழுதியபடி, பதவியேற்ற 30 நாளுக்குள் அவர் நாடாளுமன்றத்தில் நம்பிக்கை கோர வேண்டியிருந்தது. அவை மறுத்தால் அமைச்சரவை முழுவதும் போக வேண்டியதுதான். ஒரே அவை இரண்டு அமைச்சரவைகளை இப்படி வீழ்த்தினால், அவையைக் கலைக்கும் அதிகாரம் அதிபருக்கு வருகிறது. இது 134-வது பிரிவு. நாடாளுமன்றத்தின் கையில் இருப்பது 113-வது பிரிவு: அதிபர் இறந்தாலோ, ராஜினாமா செய்தாலோ, அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போனாலோ பதவி காலியாகும். அந்தப் பட்டியலின் நடுவில், ‘நிரந்தரமான உடல் அல்லது தார்மிக இயலாமை’ என்று ஒரு வரி இருக்கிறது.

இந்த வரிக்கு வயது அதிகம். 1839-ம் ஆண்டின் அரசியல் சட்டத்திலிருந்து, சொற்கள் சற்று மாறி மாறி வந்துகொண்டிருக்கிறது. 19-ம் நூற்றாண்டு ஸ்பானிய மொழியில் உடலைச் சாராத எதையும், குறிப்பாக மனத்தைச் சார்ந்ததை, ‘மோரால்’ என்ற சொல்லால் குறிப்பார்கள். ஆகவே அந்த வரி சொல்ல வந்தது புத்தி பேதலித்த அதிபரைப் பற்றி என்று பல சட்ட அறிஞர்கள் வாதிடுகிறார்கள். இன்றைய காதுக்கு அது ஒழுக்கக்கேடு என்று கேட்கிறது. எது ஒழுக்கக்கேடு? 130 பேரில் 87 பேர் எதைச் சொல்கிறார்களோ அது. 2020-ல் இதற்கொரு பொருள் வரையறுக்கும் வாய்ப்பு அரசியல் சட்டத் தீர்ப்பாயத்துக்குக் கிடைத்தது. பிரச்சினை முடிந்துபோன ஒன்று என்று சொல்லி, 4-க்கு 3 என்ற கணக்கில் வழக்கைத் தள்ளிவிட்டது. தீர்ப்பாயத்தின் ஏழு நீதிபதிகளையும் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றம்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதிபரை இப்படி இறக்குவதைப் பெருவில் பதவிநீக்கம் என்று சொல்வதில்லை. ‘வகான்சியா’ என்கிறார்கள், அதாவது காலியிடம். அதிலிருந்து ஒரு வினைச்சொல்லும் புழக்கத்துக்கு வந்துவிட்டது. ‘அவரைக் காலி பண்ணிவிட்டார்கள்’ என்று நம் ஊர்ப் பேச்சில் எந்தத் தொனியில் சொல்வோமோ, லிமாவிலும் ஏறக்குறைய அதே தொனிதான்.

‘தார்மிக இயலாமை’ வரியை ஏன் இவ்வளவு அடிக்கடி எடுக்கிறார்கள் என்பதற்கு இன்னொரு காரணம் 117-வது பிரிவில் இருக்கிறது. பதவியில் இருக்கும் அதிபர்மேல் தேசத்துரோகம், தேர்தலைத் தடுப்பது, சட்டவிரோதமாக அவையைக் கலைப்பது, அவையும் தேர்தல் அமைப்புகளும் இயங்கவிடாமல் செய்வது ஆகியவற்றுக்கு மட்டுமே குற்றம் சாட்ட முடியும். லஞ்சம் அதில் இல்லை. லஞ்சப் புகார் வந்தால் முன்வாசல் பூட்டியிருக்கிறது, ஆகவே எல்லாரும் கொல்லைப்புற வழியாக நுழைகிறார்கள்.

2000-ல் ஃபுஜிமோரியே இப்படித்தான் போனார். ஜப்பானிலிருந்து ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார். நாடாளுமன்றம் அதை ஏற்க மறுத்து, தார்மிக இயலாமை என்று சொல்லி நீக்கியது. அப்போது அதை விதிவிலக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 2016-ல் பெத்ரோ பாப்லோ குசின்ஸ்கி, ஃபுஜிமோரியின் மகள் கெய்கோவைச் சுமார் 41 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றபோது நிலைமை மாறியது. அதிபர் பதவி அவருக்கு, அவையில் 130-ல் 73 இடங்கள் கெய்கோவின் கட்சிக்கு. 2017 டிசம்பரில் நீக்கத் தீர்மானம் வந்தது. கெய்கோவின் தம்பி கென்ஜி ஒரு சிறு குழுவைப் பிரித்துக்கொண்டு வாக்களிக்காமல் ஒதுங்கியதால் குசின்ஸ்கி தப்பினார். மூன்றே நாளில், சிறையிலிருந்த ஆல்பெர்ட்டோ ஃபுஜிமோரிக்கு மன்னிப்பு கிடைத்தது. அடுத்த மார்ச்சில், வாக்குகளை விலை பேசும் வீடியோக்கள் வெளிவந்ததும் குசின்ஸ்கி தாமே விலகினார்.

அவருக்குப் பின் வந்த மார்ட்டின் விஸ்காரா அதே ஆயுதப் பெட்டியின் மறுபக்கத்தைத் திறந்தார். 2019 செப்டம்பர் 30 அன்று, தீர்ப்பாய நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை குறித்து அவருடைய அரசு நம்பிக்கை கோரியது. நாடாளுமன்றம் அதை ஒதுக்கி வைத்துவிட்டு நீதிபதித் தேர்தலைத் தொடங்கியது. இது சொல்லாமல் சொன்ன மறுப்பு என்று பொருள் கொண்டு விஸ்காரா அவையைக் கலைத்தார். முதல் மறுப்பு குசின்ஸ்கி காலத்திலேயே பதிவாகியிருந்தது. அன்றிரவு, கலைக்கப்பட்ட அவை விஸ்காராவை இடைநீக்கம் செய்து, துணை அதிபர் மெர்செதெஸ் அராவோஸை அதிபராக்கியது. ஓரிரவுக்கு நாட்டில் இரண்டு அதிபர்கள். மறுநாள் அராவோஸ் விலகிக்கொண்டார். பிறகு தீர்ப்பாயம் கலைப்பு செல்லும் என்றது, இங்கும் 4-க்கு 3.

விஸ்காரா அதன்பின் செய்ததுதான் எனக்கு இன்றும் பிடிபடாத விஷயம். 2020 ஜனவரியில் புதிய அவைக்குத் தேர்தல் நடந்தபோது தம் தரப்பில் ஒரு வேட்பாளரைக்கூட நிறுத்தவில்லை. தமக்கென்று ஓர் உறுப்பினர்கூட இல்லாத அவையோடு ஆண்டார். பத்து மாதத்தில் அந்த அவை 105 வாக்குகளில் அவரை வெளியேற்றியது. நாடாளுமன்றத் தலைவர் மனுவேல் மெரினோ அதிபரானார். தெருவில் இளைஞர் கூட்டம் பெருகி, இருவர் உயிரிழந்ததும் ஐந்தாம் நாளில் விலகினார். விஸ்காராவை நீக்குவதை எதிர்த்து வாக்களித்த சிறு கட்சி ஒன்றைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ சகாஸ்தியை அதன்பின் அதிபராக்கினார்கள்.

இந்தப் பூட்டுகளும் சாவிகளும் கட்சிகள் உள்ள நாட்டில் இருந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது என்று நினைக்கிறேன். பெருவில் இருப்பவற்றில் பல கட்சிகள் அல்ல, பதிவு எண்கள். வேட்பாளருக்கு இடம் கொடுத்து விலகிக்கொள்ளும் கட்சிகளை அங்கே ‘வாடகை வயிறு’ என்றே அழைக்கிறார்கள். கிராமப்புறப் பள்ளி ஆசிரியரான காஸ்டியோவும், பெரு லிப்ரே கட்சியின் நிறுவனர் தேர்தலில் நிற்க முடியாமல் போனதால் அழைத்து வரப்பட்டவர்தான். 2021 முதல் சுற்றில் அவர் பெற்றது செல்லுபடியான வாக்குகளில் 18.9 சதவீதம், கெய்கோ 13.4. மூன்றில் இரண்டு பேர் இந்த இருவரையுமே கேட்கவில்லை. ஆனால் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் இரண்டாம் சுற்றில் முதல் இருவர் மட்டுமே. அங்கே வெல்பவருக்கு 50 சதவீதத்துக்கு மேல் வந்துவிடுகிறது. நாடாளுமன்ற இடங்களோ முதல் சுற்றன்றே பங்கிடப்பட்டிருக்கும். காஸ்டியோ சுமார் 44 ஆயிரம் வாக்கில் வென்றபோது அவர் கட்சியின் கையில் 37 இடங்கள். அவையும் சீக்கிரமே சிதறின. பதவியிலிருந்த 16 மாதங்களில் ஐந்து பிரதமர்களை மாற்றினார்.

போலுவார்த்தேயின் கதை 87-இன் இன்னொரு முகம். 2022 டிசம்பரிலிருந்து சில மாதங்கள் தெற்கு மலைப்பகுதியில் நடந்த போராட்டங்களில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள்; பெரும்பாலோர் பாதுகாப்புப் படைகளின் துப்பாக்கிச்சூட்டில். பிறகு ரோலெக்ஸ் கைக்கடிகாரங்கள் எங்கிருந்து வந்தன என்ற விசாரணை. மக்கள் ஆதரவு ஒற்றை இலக்கத்துக்குச் சரிந்தது. அப்போதெல்லாம் தார்மிக இயலாமை 87 பேர் கண்ணில் படவில்லை. நாடாளுமன்றத்துக்கு அவர் தேவைப்பட்டார், அவருக்கு நாடாளுமன்றம் தேவைப்பட்டது. 2025 அக்டோபர் 10 அதிகாலையில், மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களை அடக்கத் தவறினார் என்று 122 பேர் கை தூக்கினார்கள். தேர்தலுக்கு அப்போது ஆறு மாதம் இருந்தது. 38 வயது நாடாளுமன்றத் தலைவர் ஹோசே ஹெரி அதிபரானார்.

லிமாவின் கிழக்கே பார்பதியோ என்று ஒரு சிறை, காவல்துறை வளாகத்துக்குள். 2023-ல் ஃபுஜிமோரி, அலெஹாந்த்ரோ தொலேடோ, காஸ்டியோ என மூன்று முன்னாள் அதிபர்கள் ஒரே நேரத்தில் அங்கே இருந்தார்கள். இன்னொரு முன்னாள் அதிபர் ஒயாந்தா உமாலா 2025-ல் அங்கே அடைக்கப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் விஸ்காராவுக்கு 14 ஆண்டு, மறுநாளே காஸ்டியோவுக்கு 11 ஆண்டுக்கு மேல் என்று தண்டனை வந்தது. முன்னாள் அதிபர் ஆலன் கார்சியா 2019-ல், கைது செய்யப் போலீஸ் வீட்டுக்கு வந்த நேரத்தில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்.

இத்தனைக்கும் நாட்டின் நாணயம் ஆடவில்லை. மத்திய வங்கியின் தலைவர் ஹூலியோ வெலார்டே 2006-லேயே பதவிக்கு வந்தவர். அவர் கையெழுத்திட்ட நோட்டுகள் அதிபர்களைவிட நீடித்தன. 1993 சட்டம் அந்த வங்கிக்குத் தன்னாட்சி தந்து, அரசின் செலவுக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்றும் தடுத்துவிட்டது. லிமாவின் குழப்பத்துக்கு வெளியே, மாகாண மட்டத்தில் 2002 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட பிராந்திய அரசுகள் 25 இயங்குகின்றன. சுரங்க நிறுவனங்களின் வருமான வரியில் பாதி, சுரங்கம் இருக்கும் பகுதிகளுக்கே திரும்புகிறது. அதைச் செலவழிக்கும் லட்சணம் தனிக் கட்டுரைக்குரியது.

மிச்சமிருப்பது செனட். 2018-ல் விஸ்காரா நடத்திய பொதுவாக்கெடுப்பில், இரண்டாவது அவை வேண்டுமா என்ற கேள்விக்குச் சுமார் 90 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். உறுப்பினர்கள் அடுத்தடுத்து மறுபடி நிற்கக்கூடாது என்ற தடைக்கு ஆதரவு தந்தார்கள். 2024 மார்ச்சில் நாடாளுமன்றம் இரண்டையும் மக்களைக் கேட்காமலே புரட்டிவிட்டது. 2026 தேர்தலிலிருந்து 60 செனட்டர்கள், 130 கீழவை உறுப்பினர்கள். பழைய உறுப்பினர்கள் மறுபடி நிற்கலாம். அதிபர் கலைக்க முடிவது கீழவையை மட்டும். செனட்டை யாராலும் கலைக்க முடியாது. அந்தத் தேர்தலில் அதிபர் பதவிக்கு மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் மனு கொடுத்தார்கள்.