மரியாதை தெரிந்த சாத்தான்

1968 ஜூன். லண்டன் ஒலிம்பிக் ஸ்டூடியோவில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு ஒரே பாட்டோடு நாள்கணக்கில் மல்லுக்கட்டியது. பாப் டிலன் பாணி நாட்டுப்பாடலாகக் குழுவின் பாடகர் மிக் ஜாகர் கொண்டுவந்த ‘சிம்பதி ஃபார் தி டெவில்’ எழுந்து நிற்கவே மறுத்தது. தாளத்தை மாற்றலாம் என்றார் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ். ராக்கி டிஜான் காங்கா மேளத்தில் கைவைக்க, பாட்டு சம்பாவாகிச் சூடுபிடித்தது. இந்தப் பாடுகளைப் பிரெஞ்சு இயக்குநர் ழான் லுக் கோதார் படம்பிடித்திருப்பதால் இன்றும் கண்ணால் பார்க்கலாம்.

பாட்டின் வித்து ஒரு ரஷ்ய நாவல். மிகயீல் புல்ககோவ் 1940இல் சாகும்வரை திருத்திக்கொண்டிருந்த ‘மாஸ்டரும் மார்கரீத்தாவும்’, தணிக்கை வெட்டியது போக மிச்சமாக மாஸ்கோ இதழொன்றில் வரத் தொடங்கியதே 1966இல்தான். மறு ஆண்டு ஆங்கிலத்தில் வந்தது. பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல் அதை ஜாகரிடம் கொடுத்தார். அந்த நாவலில் சாத்தானுக்குக் கொம்பும் இல்லை, வாலும் இல்லை. வெளிநாட்டுப் பேராசிரியராக மாஸ்கோ பூங்காவுக்கு வந்து, இரண்டு இலக்கியவாதிகளிடம் நயமாகப் பேச்சுக் கொடுக்கிறான். பிலாத்து ஏசுவை விசாரித்தபோது தானும் அங்கே இருந்ததாகச் சொல்கிறான்.

ஜாகரின் சாத்தானும் அதே ரகம். பண்போடு தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான்; பிலாத்து முதல் ரஷ்யப் புரட்சி வரை சாட்சி சொல்கிறான்; பழியில் ஒரு பங்கைக் கேட்பவர் தலையிலும் ஏற்றிவிடுகிறான். (பிரெஞ்சுக் கவிஞர் போதலேரின் சாயலும் உண்டு என்று ஜாகர் பின்னாளில் சொன்னார்.) பதிவு நடந்துகொண்டிருந்தபோதே ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அண்ணன் ஜான் கென்னடியைப் பற்றிய வரி இரு கென்னடிகளுக்குமானதாக மாறியது.

1969 டிசம்பரில் ஸ்டோன்ஸ் நடத்திய ஆல்டமாண்ட் கச்சேரியில் ஒரு ரசிகர் குத்திக் கொல்லப்பட்டதும் பழி இந்தப் பாட்டின் மேல் விழுந்தது. உண்மையில் அப்போது மேடையில் ஒலித்தது அவர்களின் இன்னொரு பாட்டான ‘அண்டர் மை தம்ப்’.

பிறர் பாடிய மறுவடிவங்களுக்குப் பஞ்சமில்லை. பாட்டின் மரியாதையை யார் காப்பாற்றினார்கள் என்பதுதான் உரைகல். 1973இல் பிரையன் ஃபெரி கோட்டு சூட்டு போட்ட கனவானாகவே பாடி, சாத்தானுக்கு நெருங்கிய உறவுக்காரர் ஆனார். ஸ்லோவேனியாவின் லைபாக் குழு நயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, ராணுவ அணிவகுப்புபோல் உறுமியது. துணிச்சலான திருப்பம்; ஒரு முழு இசைத்தட்டு நிறைய வெவ்வேறு வடிவங்களைத் தந்தார்கள்.

1994இல் ‘இன்டர்வியூ வித் தி வாம்பயர்’ படத்துக்காக கன்ஸ் அண்ட் ரோஸஸ் பாடியதில் கத்தல்தான் மிச்சம். அதைவிட உள்கதை சுவையானது: குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்லாஷின் வாசிப்புமேல் வேறொருவரின் வாசிப்பைப் பாடகர் ஆக்ஸல் ரோஸ் ஏற்றிவிட்டார். குழு உடையும் சத்தம் எப்படியிருக்கும் என்று அறிய இந்தப் பதிவைக் கேட்டால் போதும் என்று ஸ்லாஷ் தன் சுயசரிதையில் எழுதினார். 1996இல் அவர் குழுவைவிட்டு விலகினார்.