போன வலி திரும்பி வருமா?

கச்சான் காற்று வீசும் காலத்தில் கல்லடிப் பாலத்தைக் கடந்தால் நமக்குக் கண்ணில் தூசி விழும், அவ்வளவுதான். முக்கிளை நரம்பு வலி உள்ளவருக்கோ அந்தக் காற்று கன்னத்தில் பட்டாலே மின்சாரம் தாக்கியதுபோல் இழுக்கும். பல் விளக்கினாலும், சோறு மென்றாலும் அதே கதை. பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தவர்கள் உலகெங்கும் உண்டு.

முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாவது மூளை நரம்பான முக்கிளை நரம்பை, மூளைத்தண்டுக்கு அருகில் ஒரு இரத்தக்குழாய் அழுத்துவதே பெரும்பாலும் காரணம். துடிக்கும் குழாய் உரச உரச நரம்பின் உறை தேய்கிறது; தொடுகையே வலியாக மாறுகிறது. சத்திரசிகிச்சை நிபுணர் வோல்டர் டாண்டி 1930களிலேயே இந்த அழுத்தத்தைக் கண்டு சொன்னார். 1960களில் பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கியின் உதவியோடு, காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, குழாயை விலக்கி, நரம்புக்கும் அதற்கும் நடுவே மெத்தைபோல ஒரு துண்டு வைக்கும் சத்திரசிகிச்சையை வளர்த்தெடுத்தார். இப்போது அதற்கு டெஃப்லொன் பயன்படுகிறது. வலியை அடக்கும் கார்பமாசெபின் குளிசை கைவிடும்போதுதான் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின் வலி மறுபடி வருமா? இதற்கு நல்ல பதில் 1996இல் வந்தது. ஜனெட்டாவின் பிட்ஸ்பர்க் குழு 1185 நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. பத்தாண்டுக்குப் பின் நூற்றுக்கு 70 பேர் குளிசையே இல்லாமல் வலியற்று இருந்தார்கள். திரும்பிய வலி பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே திரும்பியது. ஐந்தாண்டைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு.

யாருக்குத் திரும்பியது? பெண்களுக்கு, எட்டு ஆண்டுகளுக்கு மேல் வலியோடு இருந்தவர்களுக்கு, நாடியல்லாமல் நாளம் அழுத்தியவர்களுக்கு, சத்திரசிகிச்சை முடிந்தவுடனேயே வலி விடாதவர்களுக்குக் கூடுதலாக. விட்டு விட்டு வெட்டும் வலியைவிட, ஓயாமல் எரியும் வலி உள்ளவர்களுக்குப் பலன் குறைவு என்பதும் பின்னர் தெளிவானது. எம்.ஆர்.ஐ. படத்தில் குழாய் நரம்பை நெளித்திருப்பது தெரிந்தால் நம்பிக்கை கூடும்.

இவை கூட்டத்துக்கான கணக்கு; உங்கள் ஒருவரின் சாதகம் அல்ல. ஆனாலும் இந்தப் பட்டியலில் நோயாளியின் கைக்கு எட்டுவது ஒன்றே ஒன்று: காலம். தாமதம்தான் வலியைத் திருப்பி அழைக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. தாமதிப்பதால் லாபமும் இல்லை.

வலி திரும்பினாலும் வழி அடைபடாது. மறுபடி குளிசை, இரண்டாவது சத்திரசிகிச்சை, ஊசிவழி நரம்புச் சிகிச்சை, காமா கதிர் எல்லாம் உண்டு. சிலவற்றுக்கு முகம் மரத்துப்போவதே விலை.

ஆகவே ஒரு பக்கக் கன்னத்தில், தொட்டால் மின்னி மறையும் வலி வந்தால், பல்லைப் பிடுங்கக் கொடுக்கும் முன் நரம்பியல் வைத்தியரையும் ஒருமுறை பாருங்கள்.