வாரம் ஒரு விருந்தினர்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழ்நாட்டின் சின்ன டவுன்களில் ரோட்டரி என்றால் வாரத்தில் ஒரு மாலை. ஏதாவது லாட்ஜின் மாடி அறையில், கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, சலவைச் சட்டையோடு இருபது முப்பது பேர் கூடுவார்கள். தலைவர் பித்தளை மணியை அடிப்பார். கடவுள் வாழ்த்து, நால்வழிச் சோதனை என்ற ரோட்டரியின் நான்கு கேள்விகள், செயலாளர் அறிவிப்பு, பிறந்தநாள்காரருக்குக் கைதட்டல். பேட்ஜ் குத்தாமல் வந்தவரிடம் சார்ஜண்ட் அபராதம் வசூலிப்பார். இதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிடும். மிச்ச நேரம் விருந்தினருக்கு.

விருந்தினர் பெரும்பாலும் நாலு தெரு தள்ளி இருப்பவர்தான். புதிதாக மாற்றலாகி வந்த வங்கி மேலாளர், வேளாண்மை அதிகாரி, கல்லூரியின் விலங்கியல் ஆசிரியர், மின்வாரியப் பொறியாளர். மேலாளர் கடன் திட்டம் பற்றிப் பேசுவார், ஆசிரியர் பாம்புகளைப் பற்றி. யாரும் கிடைக்காத வாரம் உறுப்பினரே எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். தொழிலுக்கு ஒருவர் என்பது ரோட்டரியின் பழைய விதி. 1905இல் சிகாகோவில் வழக்கறிஞர் பால் ஹாரிஸ் சேர்த்த முதல் கூட்டத்திலேயே ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு தையற்காரர். அந்த விதியால் நம்மூரிலும் ரைஸ் மில்காரர் ஆவி போட்ட நெல்லைப் பற்றியும், பிரஸ்காரர் அச்சு கோப்பதைப் பற்றியும் பேசிய மாலைகள் உண்டு. பத்து வருடமாக வணக்கம் வைத்துக்கொண்டவர்களில் ஒருவர் வயிற்றுப்பாடு இன்னொருவருக்குப் புரிந்தது அப்போதுதான்.

பேச்சைவிடக் கேள்வி நேரம் சுவாரசியம். மின்சாரச் சிக்கனம் பற்றிப் பேச வந்த பொறியாளரிடம், மேலத்தெரு டிரான்ஸ்பார்மர் எப்போது மாறும் என்று முதல் கேள்வி வரும். நாற்காலி போட்டு, மாலை போட்டு, போண்டாவும் கொடுத்துக் கேட்டால் யார்தான் மழுப்ப முடியும்? ஊரில் செல்வாக்குள்ளவர்கள் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி அது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கீழத்தெருக்காரருக்கு அந்த மாடிப்படி கிடையாது. பெண்களுக்கும் கிடையாது, உறுப்பினரின் மனைவி 'ஆன்' என்ற பெயரில் குடும்ப விழாவுக்கு வரலாம், அவ்வளவே. உலக ரோட்டரி விதியை மாற்றிப் பெண்களைச் சேர்த்தது 1989இல்.

வருகை விஷயத்தில் கெடுபிடி அதிகம். தொடர்ந்து நான்கு கூட்டம் தவறினால் உறுப்பினர் பதவியே போகும். அதனால் சரக்கெடுக்க ஈரோடு போன ஜவுளிக்கடைக்காரர் அந்த ஊர்க் கூட்டத்தில் உட்கார்ந்து, தவறியதை ஈடுகட்டும் 'மேக்கப்' கார்டில் கையெழுத்து வாங்கி வருவார். அங்கே கேட்ட பேச்சையும் சேர்த்துக் கொண்டுவருவார்.

கேபிள் டிவி வந்தது, கடை மூடும் நேரம் இரவு பத்தானது, டாக்டர்களுக்கு மாலையில்தான் கிளினிக். மாடி அறையில் காலி நாற்காலிகள் கூடின. 2016இல் ரோட்டரியின் விதி வகுக்கும் மன்றமே வாராவாரக் கட்டாயத்தைத் தளர்த்தியது. மாதம் இரண்டு கூட்டம் போதும், இணையவழியிலும் நடத்தலாம். 2020இல் கொரோனா வந்தபோது எல்லோரும் ஜூமுக்குப் போனார்கள். எந்த நாட்டுப் பேச்சாளரும் வீட்டுக்கூடத்துக்கே வந்தார். கேட்பவர்கள் கேமராவை அணைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

இன்றைய சங்கம் சோம்பிவிட்டது என்று சொன்னால் அது அநியாயம். 1985இல் ரோட்டரி கையில் எடுத்த போலியோ ஒழிப்பு, 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்ட கடைசி நோயாளியோடு இந்தியாவில் முடிந்தது. சொட்டுமருந்து நாட்களில் பஸ் ஸ்டாண்டில் வெயிலில் நின்றவர்களில் இந்தச் சின்ன டவுன்காரர்களும் உண்டு. இன்று வெளிநாட்டுச் சங்கத்தோடு சேர்ந்து டயாலிசிஸ் இயந்திரம் வாங்கித் தருகிறார்கள், பள்ளிகளுக்குக் கழிப்பறை கட்டுகிறார்கள். பழைய சங்கம் கனவிலும் காணாத தொகைகள் இவை. தலைவர் நாற்காலியில் பெண்கள் உட்காருகிறார்கள்.

குறைந்தது விருந்தினர்தான். ஜூலையில் பதவியேற்பு விழா கல்யாண மண்டபத்தில் நடக்கிறது. பட்டிமன்றப் பேச்சாளரோ தன்னம்பிக்கைப் பேச்சாளரோ வெளியூரிலிருந்து காரில் வருகிறார். நன்றாகவே பேசுகிறார். ஆனால் அதே பேச்சை முந்தின நாள் பக்கத்து ஊரிலும் பேசியிருப்பார், நம்மூர் டிரான்ஸ்பார்மர் பற்றி அவரிடம் என்ன கேட்பது? பாம்புகளைப் பற்றி யூடியூபில் ஆயிரம் பேர் சொல்கிறார்கள். நம்மூர் ஏரிக்கரையில் எந்தப் பாம்பு இருக்கிறது என்று சொன்னவர் அந்த விலங்கியல் ஆசிரியர் ஒருவர்தான். கொடுப்பதற்குப் பழகிய சங்கம், உட்கார்ந்து கேட்பதைக் கைவிட்டுவிட்டது என்பதே என் வருத்தம்.

மாதம் ஒரு கூட்டத்தையாவது உள்ளூர்க்காரருக்கு ஒதுக்கலாமே என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. தேதிதான் கிடைப்பதில்லை: இந்த வாரம் நிதி அறிக்கை அனுப்ப வேண்டும், அடுத்த வாரம் ரோட்டரி மாவட்ட ஆளுநர் வருகை.