கரண்ட் கட்டால் தப்பித்த கப்பல் நிறுவனம்: பேக்அப் இருந்தும் மேர்ஸ்க் முடங்கியது எப்படி?

கரண்ட் போனால் யாராவது சந்தோஷப்படுவார்களா? 2017-ல் ஒரு நிறுவனம் சந்தோஷப்பட்டது. அதுவும் சாதாரண நிறுவனம் இல்லை. உலக அளவில் கன்டெய்னர் கப்பல் போக்குவரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை கையில் வைத்திருந்த டென்மார்க்கின் மேர்ஸ்க்.

ஒரே நாளில் அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர்கள் மொத்தமாகப் படுத்துவிட்டன. மீண்டு வருவதற்கு அவசியமான தகவல், உலகம் முழுக்கத் தேடியதில், ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் மிச்சம் இருந்தது. காரணம், தாக்குதல் நடந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை!

கேட்க சினிமா கதை மாதிரி இருந்தாலும், "நம்மகிட்டதான் பேக்அப் இருக்கே" என்று நிம்மதியாக இருக்கும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. விரிவாகப் பார்ப்போம்.

2017 ஜூன் 27: என்ன நடந்தது?

கோபன்ஹேகனில் உள்ள மேர்ஸ்க் தலைமையகம். மதிய நேரம். வேலை பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்களின் கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகத் தொடங்கின. சில திரைகள் கறுப்பாகின. சிலவற்றில், ஃபைல்கள் எல்லாம் பூட்டப்பட்டுவிட்டன, 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் அனுப்பினால் திறந்துவிடுகிறோம் என்ற மிரட்டல் வாசகம்.

விஷயம் புரிந்ததும் ஐடி ஊழியர்கள் ஓட ஆரம்பித்தார்கள். மீட்டிங் அறைகளுக்குள் புகுந்து கம்ப்யூட்டர்களின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னார்கள். நிறுவனத்தின் உலகளாவிய நெட்வொர்க்கை முழுமையாகத் துண்டிக்கவே 2 மணி நேரத்துக்கு மேல் ஆனது. நெட்வொர்க்கை நம்பி இயங்கிய மேஜை போன்களும் செத்துப்போயின.

வைரஸுக்கு 2 மணி நேரமெல்லாம் தேவைப்படவில்லை. அதற்குள் சேதம் முடிந்துவிட்டது.

துறைமுகங்கள் ஏன் நின்றன?

கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களுக்கு எதுவும் ஆகவில்லை. பிரச்சினை கரையில்.

ஒரு பெரிய கப்பலில் ஆயிரக்கணக்கான கன்டெய்னர்கள் இருக்கும். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது, எந்த லாரி அதை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் இல்லையென்றால் கிரேன் இருந்தும் பயன் இல்லை.

மேர்ஸ்க் குழுமம் அப்போது உலகம் முழுவதும் 76 துறைமுக முனையங்களை நடத்தியது. அவற்றில் 17 பாதிக்கப்பட்டன. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் முனையத்தின் கேட் திறக்காததால் லாரிகள் வரிசை கட்டி நின்றன. நெதர்லாந்தின் ரோட்டர்டாமிலும் இதே நிலை. மும்பை அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் மேர்ஸ்க் குழுமம் நடத்திய முனையமும் முடங்கியது.

கெட்டுப்போகும் சரக்கு வைத்திருந்தவர், தொழிற்சாலைக்கு உதிரிபாகம் எதிர்பார்த்தவர் என எல்லோருக்கும் ஒரே பதில்: தெரியவில்லை.

வைரஸ் எப்படி உள்ளே வந்தது?

இங்கேதான் ஆச்சரியம். யாரும் தப்பான லிங்க்கை கிளிக் செய்யவில்லை. சந்தேகமான மெயிலைத் திறக்கவில்லை.

உக்ரைனில் 'எம்.இ.டாக்' என்ற ஒரு அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் இருக்கிறது. நம்ம ஊரில் டேலி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் தொழில் செய்து வரிக்கணக்கு தாக்கல் செய்பவர்களில் மிகப் பெரும்பாலானோர் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

ஹேக்கர்கள் அந்த சாஃப்ட்வேர் நிறுவனத்தின் அப்டேட் சர்வருக்குள் முன்கூட்டியே நுழைந்துவிட்டார்கள். வழக்கமான அப்டேட்டோடு சேர்த்து வைரஸையும் அனுப்பினார்கள். அப்டேட் போட்டவர்கள் எல்லோரும், தங்களுக்கே தெரியாமல், கதவைத் திறந்துவிட்டார்கள்.

உக்ரைனின் ஒடேசா நகரில் மேர்ஸ்க்குக்கு ஒரு அலுவலகம் இருந்தது. அங்கே நிதிப் பிரிவில் ஒருவர் கேட்டதால், ஒரே ஒரு கம்ப்யூட்டரில் எம்.இ.டாக் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வைரஸுக்கு அந்த ஒரு கம்ப்யூட்டரே போதுமானதாக இருந்தது.

அப்டேட் செய்திருந்தால் தப்பித்திருக்கலாமா?

ஓரளவுக்கு. இந்த வைரஸுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் நாட்பெட்யா. 'பெட்யா' என்ற பழைய ரான்சம்வேர் போலவே தெரிந்தாலும் அது இல்லை என்பதால் இந்தப் பெயர்.

இது பரவுவதற்கு இரண்டு வழிகளைப் பயன்படுத்தியது.

முதல் வழி, 'எடர்னல் புளூ'. இது விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக உள்ளே நுழையும் கருவி. அமெரிக்க உளவு அமைப்பான என்.எஸ்.ஏ உருவாக்கியதாகக் கூறப்படும் இது, 2017 ஏப்ரலில் இணையத்தில் கசிந்தது. ஆனால் அதற்கு முன்பே, மார்ச் மாதத்திலேயே, மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை வெளியிட்டுவிட்டது. மே மாதம் 'வானாகிரை' வைரஸும் இதே ஓட்டை வழியாகத்தான் உலகை ஆட்டிப்படைத்தது. அதன் பிறகும் பலர் அப்டேட் செய்யவில்லை.

இரண்டாவது வழிதான் ஆபத்தானது. ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைந்ததும், அதன் மெமரியில் தங்கியிருக்கும் பாஸ்வேர்டுகளை இந்த வைரஸ் திருடும். ஐடி அட்மின் ஒருவர் எப்போதோ அந்த கம்ப்யூட்டரில் லாகின் செய்திருந்தால், அவருடைய பாஸ்வேர்டும் சிக்கலாம். அதை வைத்து, சரியாக அப்டேட் செய்யப்பட்ட மற்ற கம்ப்யூட்டர்களுக்குள்ளும் நேர் வழியில் நுழைந்துவிடும்.

அதாவது, நூறு கம்ப்யூட்டரில் 99-ஐ அப்டேட் செய்துவிட்டு ஒன்றை விட்டாலும், அந்த ஒன்று மற்ற 99-க்கும் வினையாகிவிடும்.

பணம் கட்டியிருந்தால் ஃபைல் கிடைத்திருக்குமா?

கிடைத்திருக்காது. பணம் கட்டியவர்கள் தொடர்புகொள்ள ஒரு மெயில் ஐடி கொடுக்கப்பட்டிருந்தது. அந்த மெயில் சேவை நிறுவனம் அன்றே அதை முடக்கிவிட்டது. அது வேலை செய்திருந்தாலும் பயன் இல்லை. பூட்டியதைத் திறக்கும் சாவியே இல்லாமல்தான் இந்த வைரஸ் உருவாக்கப்பட்டிருந்தது. கொள்ளைக்காரன் வேஷத்தில் வந்தவனின் நோக்கம் பணம் அல்ல, அழிவு.

பேக்அப் இருந்ததே, அது என்ன ஆச்சு?

பேக்அப் இருந்தது. பெரும்பாலான சர்வர்களின் தகவல்கள் சில நாட்களுக்கு முன்பு வரை தனியாகச் சேமிக்கப்பட்டிருந்தன. ஆனால் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் பேக்அப் இல்லை. அதுதான் 'டொமைன் கன்ட்ரோலர்'.

பெரிய அலுவலகம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யார் ஊழியர்கள், யாருக்கு எந்த அறைக்குள் போக அனுமதி, எந்தச் சாவி யாரிடம் என்ற முழு விவரமும் வாட்ச்மேனிடம் ஒரு நோட்டில் இருக்கிறது. அந்த நோட்டு எரிந்துவிட்டால்? அறைகள் இருக்கும், பொருட்கள் இருக்கும், ஆனால் யாரை எங்கே விடுவது என்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் நெட்வொர்க்கில் அந்த நோட்டுதான் டொமைன் கன்ட்ரோலர்.

மேர்ஸ்க்கிடம் இந்த நோட்டின் நகல் உலகம் முழுவதும் சுமார் 150 சர்வர்களில் இருந்தது. ஒன்றில் மாற்றம் செய்தால் மற்ற எல்லாவற்றிலும் தானாக மாறிவிடும். அதனால், "ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது, தனி பேக்அப் எதற்கு?" என்று இருந்துவிட்டார்கள்.

150-ம் ஒரே நேரத்தில் போகும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் போனது.

இதை உங்கள் செல்போனிலேயே பார்க்கலாம். போனில் ஒரு போட்டோவை அழித்தால், சிங்க் ஆன் செய்திருக்கும் கிளவுட்டிலும் அது அழிந்துவிடும். இரண்டு இடத்தில் இருப்பது சிங்க். ஒன்று அழிந்தாலும் மற்றொன்று தொடப்படாமல் இருந்தால்தான் பேக்அப். மேர்ஸ்க் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

கானாவில் இருந்து லண்டனுக்கு ஒரு ஹார்டு டிஸ்க்

மீட்புப் பணி இங்கிலாந்தின் மெய்டன்ஹெட் நகரில் தொடங்கியது. உலகில் உள்ள தங்கள் அலுவலகங்களுக்கெல்லாம் போன் போட்டு, "உங்களிடமாவது ஒரு நகல் இருக்கிறதா?" என்று கேட்டார்கள். கடைசியில் கானாவில் இருந்து நல்ல செய்தி வந்தது. தாக்குதலுக்குச் சற்று முன் அங்கே மின்வெட்டு ஏற்பட்டதால், அந்த சர்வர் நெட்வொர்க்கில் இல்லை. வைரஸ் அதைத் தொடவே இல்லை.

சரி, அனுப்புங்கள் என்றால் அங்கே இன்டர்நெட் வேகம் போதவில்லை. பல நூறு ஜிபி தகவலை அனுப்ப நாள் கணக்கில் ஆகும். யாராவது நேரில் எடுத்து வரலாம் என்றால், கானா ஊழியர்கள் யாரிடமும் பிரிட்டன் விசா இல்லை.

எனவே ரிலே ஓட்டம் போல ஒரு ஏற்பாடு. கானா ஊழியர் ஒருவர் ஹார்டு டிஸ்க்கோடு விமானத்தில் நைஜீரியா போனார். அங்கே ஏர்போர்ட்டில் காத்திருந்த இன்னொரு ஊழியரிடம் அதை ஒப்படைத்தார். அவர் லண்டன் ஹீத்ரோவுக்குப் பறந்தார்.

10 நாளில் 45,000 கம்ப்யூட்டர்கள்

அடுத்த 10 நாட்களில் 4,000 சர்வர்கள், 45,000 கம்ப்யூட்டர்கள், 2,500 அப்ளிகேஷன்களைப் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று மேர்ஸ்க் தலைவர் ஜிம் ஹேகமன் ஸ்னாபே, 2018 ஜனவரியில் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் வெளிப்படையாகச் சொன்னார்.

அந்த நாட்களில் ஊழியர்கள் சொந்த ஜிமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் புக்கிங் எடுத்தார்கள். எக்ஸெல் ஷீட்டில் கணக்கு எழுதினார்கள். ஐடி என்ற ஒன்றே இல்லாமல், சரக்கின் அளவு 20 சதவீதம் மட்டுமே குறைந்தது என்றார் ஸ்னாபே. அது ஊழியர்களின் உழைப்பு.

ஆனாலும் நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை என்று நிறுவனம் கணக்கிட்டது. அன்றைய மதிப்பில் சுமார் 1,600 முதல் 1,900 கோடி ரூபாய்.

மேர்ஸ்க் மட்டுமல்ல. மருந்து நிறுவனமான மெர்க், ஃபெட்எக்ஸின் டிஎன்டி, பிஸ்கட், சாக்லேட் தயாரிக்கும் மான்டலீஸ் என்று பாதிக்கப்பட்டவர்கள் பட்டியல் நீளம். உலக அளவில் மொத்த சேதம் சுமார் 1,000 கோடி டாலர் என்பது அமெரிக்காவின் மதிப்பீடு. உக்ரைனைக் குறிவைத்து ரஷ்ய ராணுவம்தான் இதைச் செய்தது என்று 2018 பிப்ரவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும் குற்றம்சாட்டின. ரஷ்யா மறுத்தது. மேர்ஸ்க் யாருக்கும் எதிரி அல்ல. வேறு யாரோ ஒருவருக்கு வைத்த வெடியில் சிக்கிக்கொண்டது.

முன்கூட்டியே யாருக்கும் தெரியாதா?

தெரியும். இதுதான் வேதனை. பழைய விண்டோஸ் சர்வர்கள், சரியாக நடக்காத அப்டேட், பிரிக்கப்படாத நெட்வொர்க் ஆகியவை பற்றி நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு முன்பே எச்சரித்திருந்தது. சரிசெய்ய நிதியும் ஒதுக்கப்பட்டது. ஆனால் அந்த வேலையை முடிப்பது மூத்த ஐடி அதிகாரிகளின் போனஸைத் தீர்மானிக்கும் இலக்குகளில் இல்லை. அதனால் யாரும் முன்னெடுக்கவில்லை என்று பின்னாளில் பத்திரிகை விசாரணையில் தெரியவந்தது.

இந்தியாவில் நிலைமை என்ன?

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை ரான்சம்வேரில் சிக்கியது நினைவிருக்கலாம். 5 சர்வர்கள் பாதிக்கப்பட்டு, சுமார் 1.3 டிபி தகவல் பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பல நாட்கள் ஓ.பி. சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை கையால் எழுத வேண்டியிருந்தது.

அரசு சொன்ன காரணம், நெட்வொர்க் முறையாகப் பிரிக்கப்படவில்லை. நோயாளிகளின் தகவல் எப்படி மீண்டது? தாக்குதல் தொடாத ஒரு பேக்அப் சர்வரில் இருந்து. மேர்ஸ்க் கதையின் இரண்டு பாடங்களும் இங்கேயும் அப்படியே.

சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. சைபர் தாக்குதல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் தர வேண்டும் என்பது 2022-ல் வந்த உத்தரவு. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மக்களின் தகவலை முறையாகப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது.

உங்கள் ஆபீசில் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

10 பேர் வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தாலும் இவை பொருந்தும்.

1. நெட்வொர்க்கில் இணையாத ஒரு பேக்அப் இருக்கிறதா? எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க் கணக்கில் வராது. வைரஸ் வந்தால் அதுவும் போய்விடும். பொதுவாகச் சொல்லப்படும் விதி 3-2-1. அதாவது 3 நகல், 2 வகை சாதனம், அதில் 1 வேறு இடத்தில்.

2. பேக்அப்பில் இருந்து கடைசியாக எப்போது மீட்டுப் பார்த்தீர்கள்? எடுத்தால் மட்டும் போதாது. திறக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

3. அப்டேட் ஆகாத பழைய கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது? "அது பில் போட மட்டும்தான் சார்" என்று மூலையில் ஒன்று கண்டிப்பாக இருக்கும்.

4. அட்மின் பாஸ்வேர்டு எத்தனை பேரிடம் இருக்கிறது? அன்றாட வேலைக்கு அந்த லாகினைப் பயன்படுத்தக் கூடாது. ஓடிபி போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் வேண்டும்.

5. கணக்குப் பிரிவு, உற்பத்தி, விருந்தினர் வைஃபை எல்லாம் ஒரே நெட்வொர்க்கிலா? பிரித்து வைத்தால் ஒரு அறையில் பிடித்த தீ அடுத்த அறைக்குப் போகாது.

இந்த ஐந்தில் ஒன்றுக்காவது "தெரியலையே" என்பது பதிலாக இருந்தால், நாளைக்கு முதல் வேலையாக அதைக் கவனியுங்கள். சரியான நேரத்தில் கரண்ட் போகும் என்று நம்பி எந்த நிறுவனமும் தொழில் நடத்த முடியாது.